மொடிஃபை செய்த ரியூப் அம்ப்களில் எதை எடுப்பது: கல்லடித் தம்பிக்கு ஒரு பதில்

கல்லடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் கிற்றார் வாசிக்கிறார். கல்யாண வீடு, மண்டப நிகழ்ச்சி, சீசன் காலத்தில் அறுகம்பை ஹோட்டல்கள் என்று ஓடித் திரிகிற பாண்ட் ஒன்றிலும் இருக்கிறார். கையால் செய்கிற சிறிய பட்டறைகளின் ‘ஹொட் ரொட்’ ரியூப் அம்ப் ஒன்று, அதாவது பழைய சர்க்கியூட்டை மாற்றி முறுக்கேற்றிய, கண்ணாடி ரியூப்களால் வேலை செய்கிற அம்பிளிஃபயர் ஒன்று, வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறார். லண்டனில் சித்தப்பா, ரொறன்ரோவில் மாமா, இருவருமே வாங்கி அனுப்பத் தயார். சொல்டானோ, ஃபிரீட்மன், டம்பிள் வழியில் வந்த டூ-ரொக், ட்ரெயின்ரெக் பாணி அம்ப் என்று நான்கைக் குறித்து வைத்திருக்கிறார். “வீடியோவில எல்லாம் நல்லாத்தான் கேக்குது, எதை எடுக்க?” என்பது கேள்வி.

தம்பி, வீடியோ பிடிப்பவர்கள் அம்பைத் தேவையான அளவுக்குத் திறந்து, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். அந்த ஓசை வர அறைக்குள் எவ்வளவு சத்தம் தேவைப்பட்டது என்பது அங்கே மறைந்துபோகிறது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். டிஸ்டோர்ஷன், அதாவது ஓசை முறுகிக் கரகரப்பது, அம்பின் எந்த இடத்தில் பிறக்கிறது? முன்பகுதியில் இருக்கிற சின்ன ரியூப்களிலா, ஸ்பீக்கரைத் தள்ளுகிற பெரிய பவர் ரியூப்களிலா? இதற்கு விடை தெரிந்தால் உங்கள் நான்கில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1960களின் தொடக்கத்தில் லண்டனின் ஹான்வெல் பகுதியில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மன் என்ற அமெரிக்க அம்பின் சர்க்கியூட்டைப் பின்பற்றி ஜேடிஎம்45 ஐச் செய்வித்தார். அதன் வழியில் வந்த 100 வாட்ஸ் சூப்பர் லீட்டில் மாஸ்டர் வொல்யூம், அதாவது முன்பகுதியைத் தொடாமல் கடைசிச் சத்தத்தை மட்டும் குறைக்கிற குமிழ், கிடையாது. முன்பகுதி தரும் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மிதமானது. ரொக் இசை என்று நாம் கேட்டு வளர்ந்த அந்த முழக்கம் வர வேண்டுமானால் வொல்யூமைக் கிட்டத்தட்ட முழுதாகத் திறந்து, பவர் ரியூப்களையே திணறவைக்க வேண்டும். திறந்த மைதானத்தில் அது சரி. சுவருக்குள் அதைத் தாங்க முடியாது.

அந்தச் சங்கடத்தைத் தீர்க்கப் போய்த்தான் இந்த மொடிஃபை வேலை எல்லாம் தொடங்கியது. கலிபோர்னியாவில் ரண்டல் ஸ்மித் 1960களின் கடைசியில் ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற சின்ன அம்புக்குள் பெரிய ட்ரான்ஸ்போமர்களையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் ஏற்றினார். பிறகு முன்பகுதியில் இன்னொரு கெயின் ஸ்டேஜ் (பெருக்கும் படி) சேர்த்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததுக்குள் ஊற்றினார். மெசா பூகி அப்படித்தான் வந்தது. மார்ஷல் கொம்பனியே 1975 இல் 2203 என்ற மாஸ்டர் வொல்யூம் மொடலைக் கொண்டுவந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் ஹொஸே அரெடொண்டோ போன்றவர்கள் பழைய மார்ஷல்களைத் திறந்து ஸ்டேஜ் சேர்த்தும் மாஸ்டர் வைத்தும் கொடுத்தார்கள். அந்த ஊரில் 80களில் வாசித்தவர்களின் லீட் ஓசையில் பெரும்பங்கு இந்தக் கைகளுக்குச் சேரும். மைக் சொல்டானோ 1987 இல் எஸ்எல்ஓ-100 ஐ வெளியிட்டார். டேவ் ஃபிரீட்மன் மார்ஷல்களை மொடிஃபை செய்தே பெயர் எடுத்து, பிறகு அதே ருசியைத் தன் பெயரிலான பிஈ-100 இல் இறக்கினார்.

இப்போது சர்க்கியூட்டுக்குள் ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்த அம்ப்களின் குணம் அங்கேதான் இருக்கிறது. 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன ரியூபின் கதோட் என்ற காலில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சாதாரணமாக அது 820 ஓமில் இருந்து 2.7 கிலோ ஓமுக்குள் வரும். மார்ஷல் 2203 இல் ஒரு ஸ்டேஜுக்கு மட்டும் 10 கிலோ ஓம் போட்டிருப்பார்கள். சொல்டானோ எஸ்எல்ஓவில் அந்த இடத்தில் 39 கிலோ ஓம். ரெசிஸ்டர் கூடக் கூட ரியூப் அணையும் நிலைக்குக் கிட்டப் போகிறது. உள்ளே வரும் அலையின் ஒரு பாதி சீக்கிரமே வெட்டுப்படும், மற்றப் பாதி தப்பிப் போகும். இந்த ஒருபக்க வெட்டுத்தான் நீங்கள் வீடியோவில் கேட்கிற அந்த இறுக்கமான, நரம்பு தெறிக்கிற ஓசை. எஸ்எல்ஓவில் தாழ்ந்த கம்பியைக் கையால் அடக்கி வாசித்தால் சத்தம் கொழகொழக்காமல் கட்டியாக நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதெல்லாம் முன்பகுதியில் நடப்பதால் மாஸ்டரைக் குறைத்தாலும் ஓசையின் உருவம் கலையாது. உங்களுக்கு இது பெரிய விஷயம். ட்ரெயின்ரெக் இதற்கு நேர் எதிர். 2006 இல் காலமான கென் ஃபிஷர் கையால் செய்த எக்ஸ்பிரஸ் மொடலில் மாஸ்டர் வொல்யூமே இல்லை. அம்பைத் திறந்து வைத்துவிட்டு, கிளீன் (தெளிந்த ஓசை), கிரன்ச் (கொஞ்சம் முறுகினது), லீட் (தனித்து நீளும் ஓசை) எல்லாம் கிற்றாரின் வொல்யூம் குமிழால் எடுக்க வேண்டும். விரலின் ஒவ்வொரு அசைவும் அப்படியே வெளியே வரும். கிற்றார் அம்ப் என்ற பொருளின் உச்சம் என்று நான் நினைப்பது அந்த வகையைத்தான். ஆனால் பீடத்துக்கு எட்டு அடி தள்ளி நின்று வாசிக்கிற உங்களுக்கு அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். வாங்கினால் வருடத்தில் இரண்டு நாள்தான் அது உண்மையில் வேலை செய்யும்.

டம்பிள் வழி வேறு. 2022 இல் காலமான அலெக்சாண்டர் டம்பிள் ஓவர்டிரைவ் ஸ்பெஷலில் ஃபெண்டர் போன்ற ஒரு கிளீன் சேனலை முழுதாகக் கட்டி, அது முடிந்த பிறகு ஓவர்டிரைவ் ஸ்டேஜ்களை வைத்தார். லீட்டுக்குக் கால் சுவிட்சை அழுத்தினாலும் உங்கள் கிளீன் ஓசை அடியில் இருந்துகொண்டே இருக்கும். அதனால் நோட் கடுமையாகப் பிளக்காமல், பாட்டுக்காரர் குரலை நீட்டுகிற மாதிரி நீளும். அசல் டம்பிள்களின் விலை ஒரு இலட்சம் டொலரையும் தாண்டிப் போகிறது, அதை விடுங்கள். டூ-ரொக் போன்றவர்கள் செய்வது அந்த வழி வந்த அம்ப். தேவாலயப் பாட்டு, மெலடி, சினிமாப் பாட்டின் இடையிசை, எங்கள் பறங்கிச் சமூகத்தாரின் கஃப்ரிஞ்ஞா, பைலாத் தாளம், எல்லாவற்றுக்கும் இந்த ஓசை வடிவாகப் பொருந்தும். ஆனால் கிளீன் ஓசைக்கு இடம் விட்டுக் கட்டியிருப்பதால் இவை சத்தமான அம்ப்கள். விலையும் நான்கில் மேல்வரிசை.

சத்தம் என்று வந்தபடியால் வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 100 வாட்ஸ் அம்புக்கும் 50 வாட்ஸ் அம்புக்கும் வித்தியாசம் 3 டெசிபெல் மட்டும். காதுக்குப் பாதிச் சத்தமாகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது 100 ஐ 10 வாட்ஸ் ஆக்க வேண்டும். செலெஸ்ஷன் கிரீன்பாக் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 98 டெசிபெல் தருகிறது. 20 வாட்ஸ் கொடுத்தால் 111. தேவாலயத்துக்கு அது மிதமிஞ்சின சத்தம். தேவநாயகம் மண்டபம் போன்ற இடத்தில் ட்ரம்ஸோடு நின்று வாசிக்கவும் போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மைக் இருக்கிறது. ஆகவே 100 வாட்ஸ் தலையை (ஸ்பீக்கர் இல்லாத அம்ப் பெட்டியை)த் தூக்கிக்கொண்டு திரிய உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. மேடைக்குத்தான் 100 என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்படிப் பார்க்க மிஞ்சுவது சொல்டானோவும் ஃபிரீட்மனும். சொல்டானோவில் 30 வாட்ஸ் எஸ்எல்ஓ-30 இருக்கிறது. ஃபிரீட்மனில் 20 வாட்ஸ் ரண்ட்-20 உம் 50 வாட்ஸ் பிஈ-50 உம் இருக்கின்றன.

எஸ்எல்ஓவின் லீட் சேனலுக்கு நிகர் அபூர்வம். ஆனால் நோர்மல், ஓவர்டிரைவ் இரண்டு சேனலுக்கும் ட்ரெபிள், மிடில், பாஸ் குமிழ்கள் பொதுவானவை. லீட்டுக்கு வைத்த செற்றிங் கிளீனுக்கு மங்கலாக இருக்கும், கிளீனுக்கு வைத்தது லீட்டில் கீச்சிடும். நிகழ்ச்சியில் பெரும்பாலான நேரம் கிளீனில் கோர்ட்ஸ் பிடித்து, இடையில் ஒரு லீட் வாசிக்கிற ஆளுக்கு இது ஒவ்வொரு பாட்டிலும் உறுத்தும். ஃபிரீட்மனின் பிஈ சேனல் மார்ஷலின் நடு ஓசையை விடாமல் வைத்துக்கொண்டு கெயின் கூட்டினது. கீபோர்ட்டும் ஒக்டபாடும் சேர்ந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்கிற எங்கள் பாண்ட்களில் கிற்றார் வெளியே கேட்பது அந்த நடு ஓசையால்தான். ஆக நான் சொல்வது ரண்ட்-20. அதன் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் ஓசையைப் போலச் செய்து மிக்ஸருக்கே நேரே அனுப்புகிற வெளியீடும் இருக்கிறது. கோயில் திருவிழா மேடையில் சவுண்ட்காரர் கிற்றாருக்கு மைக் தராத நாளில் அதன் அருமை தெரியும். பாண்ட் பெரிசாகி வெளி மேடைகள் கூடினால் மட்டும் பிஈ-50 ஐ யோசியுங்கள்.

வாங்கியவுடன் செய்து பார்க்க வேண்டிய ஒன்று. பழைய சூப்பர் லீட்டின் பிரைட் சேனலில் வொல்யூம் குமிழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கப்பாசிற்றர் இருக்கும், பிற்கால மொடல்களில் 5000 பிகோ ஃபரட். வொல்யூம் குறைவாக இருக்கும்போது உயர்ந்த ஓசைகள் மட்டும் அதன் வழியே தப்பிப் போய்விடும். மார்ஷல் வழி அம்ப்கள் வீட்டுச் சத்தத்தில் ஊசிபோலக் குத்துவதற்குக் காரணம் இது. குமிழைக் கூட்டக் கூட அதன் வேலை குறைந்து ஓசை உருண்டு வரும். ஃபிரீட்மன் போன்றவற்றில் பிரைட் சுவிட்ச் வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டில் அதை அணையுங்கள், மேடையில் போட்டுப் பாருங்கள். “இந்த அம்ப் குத்துது” என்று முதல் நாளே விற்கக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள்.

எது வாங்கினாலும், எங்கள் ஊரில் அம்ப் நிலைத்து நிற்பது கரண்டைப் பொறுத்தது. நான்கில் எதை எடுப்பது என்பதை விட இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

கனடாவில் கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ற் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் என்று சுற்றிய ட்ரான்ஸ்போமரை 50 இல் ஓட்டினால் அதன் இரும்புக்குள் காந்தப் பாயம் 20 வீதம் கூடுகிறது. அது முனகும், சூடேறும், ஒருநாள் சுற்று எரியும். மாமாவிடம் வாங்குவதானால் பின்பக்கம் 230 அல்லது 240 வோல்ற் தெரிவு இருக்கிறதா, உள்ளே அதற்கான வயர்கள் ட்ரான்ஸ்போமரில் வருகின்றனவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சித்தப்பா வழி இதைவிடச் சுலபம். இங்கிலாந்தில் விற்கிற சாமான் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸுக்கே வரும். பிளக்கும் இங்கே நாங்கள் பாவிக்கிற அதே மூன்று சதுரக் கால் பிளக்.

அடுத்தது வோல்ற் இறங்குவது. பின்னேரங்களில் லைற் மங்குகிற இடங்கள் மட்டக்களப்பிலும் உண்டு, அம்பாறைக் கரையோரத்திலும் உண்டு. 230 என்பது 190 ஆக இறங்கினால் ரியூபின் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ற் 5.2 ஆகிறது. உள்ளே 450 வோல்ற் ஓடும் இடத்தில் 370 சொச்சம்தான் ஓடும். ஓசை மெத்தென்று இனிமையாகவே கேட்கும். அமெரிக்க ரொக் கிற்றார்காரர் எடி வான் ஹேலன் வேண்டுமென்றே வேரியாக் (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர்) போட்டு வோல்ற்றை இறக்கி வாசித்திருக்கிறார். ஆனால் ஹீட்டர் குளிர்ந்த நிலையில் நெடுநேரம் வாசிப்பது ரியூபைத் தின்னும். வோல்ற் திடீரென்று ஏறுவது இன்னும் கெடுதி. நல்ல ஸ்ரெபிலைசர் ஒன்றை அம்போடு சேர்த்தே வாங்குங்கள், டிக் டிக்கென்று ரிலே மாறுகிறதை விட மோட்டார் சுழன்று சீராக்குகிற வகை நல்லது. ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் அம்பை ஒன் செய்யுமுன் மீற்றரால் அளந்து பாருங்கள், டெக்கரேஷன் லைற் எல்லாம் போட்ட பிறகும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

ஏர்த் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கிற்றாரின் கம்பிகள் கேபிள் வழியாக அம்பின் உலோகச் சட்டத்தோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. சட்டம் பிளக்கின் ஏர்த் காலோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. மண்டபத்துச் சுவரில் ஏர்த் ஒழுங்காக இல்லாமல், மைக் வேறு இணைப்பில் இருந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிற ஆளின் உடம்பு வழியே கரண்ட் பாயக்கூடும். இரைச்சல் குறையட்டும் என்று ஏர்த் காலைக் கழற்றிவிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அம்பில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். சொக்கெற் ரெஸ்ரர் ஒன்று சின்ன விலை. அதைக் கிற்றார் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில் அதை வைத்துப் பார்க்காமல் பிளக் போடாதீர்கள்.

கல்லடி ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அந்த உப்புக் காற்று ரியூப் சொக்கெற்றின் பற்களிலும் குமிழ்களின் உள்ளேயும் படியும். படபடவென்ற சத்தம் வந்தால் ரியூப் போய்விட்டது என்று உடனே நினைக்க வேண்டாம். அம்பை அணைத்து ஆறவிட்டு, கொன்ராக்ட் கிளீனர் தெளித்த பிறகு ரியூபைப் பலதடவை செருகிக் கழற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தரைக்கு மேலே உயர்த்தி, துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் உறையால் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

திருத்துகிற வசதியையும் பாருங்கள். ரியூப் சொக்கெற்றுகள் உலோகச் சட்டத்தில் பூட்டி வயரால் இணைத்திருந்தால், ஈயம் வைக்கத் தெரிந்த பழைய ரேடியோக்காரரே அதைத் திருத்துவார். சொக்கெற்றைச் சர்க்கியூட் போர்ட்டிலேயே பதித்திருந்தால், பவர் ரியூபின் சூட்டில் ஈயம் வைத்த இடம் காலப்போக்கில் வெடிப்பு விடலாம். டம்பிள் தன் அம்ப்களின் பாகங்களை எபொக்சி ஊற்றி மூடினார். அதைப் பார்த்துச் செய்யும் சிறிய பட்டறைகளும் உண்டு. அப்படி மூடிய அம்பை மட்டக்களப்பில் வைத்துத் திருத்த முடியாது, ஆகவே வாங்கவே வேண்டாம். ஈஎல்34 பவர் ரியூப் உள்ள அம்பில் அதை மாற்றினால் பயஸ், அதாவது வாசிக்காமல் இருக்கும்போது ரியூப் வழியே ஓடும் கரண்டின் அளவை, அளக்க வேண்டும். அந்த ரியூப் தாங்கும் எல்லை 25 வாட்ஸ். அதில் 70 வீதம் 17.5. பிளேட்டில் 450 வோல்ற் என்றால் ரியூப் ஒன்றுக்கு 39 மில்லி அம்பியர் அளவோடு நிறுத்த வேண்டும். அளக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிற்றர்களில் நானூறுக்கு மேல் வோல்ற் நிற்கும், அது ஆளைக் கொல்லக்கூடியது.

2022 இல் ரஷ்யாவில் இருந்து ரியூப் வருவது தடைப்பட்டபோது உலகம் முழுவதும் தட்டுப்பாடு வந்தது, விலையும் ஏறியது. அம்போடு சேர்த்து ஒரு செற் பவர் ரியூபும் இரண்டு 12ஏஎக்ஸ்7 உம் எடுத்து வையுங்கள். ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போதுமானது. பழைய காலத்து ரியூப் என்று பல மடங்கு விலை சொல்வதற்கு இப்போது காசைக் கொட்டாதீர்கள்.

அந்தக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். அம்பை மாற்றுவதை விட ஸ்பீக்கரை மாற்றுவது ஓசையைக் கூடுதலாக மாற்றும். கபினெற்றைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை, பாரம்தான் கூடும். ஸ்பீக்கர் இரண்டை மட்டும் சித்தப்பாவிடம் எடுப்பித்து, பெட்டியை இங்கே நல்ல தச்சரிடம் 18 மில்லி மீற்றர் மரைன் பிளைவுட்டில் செய்வியுங்கள். 16 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 8 ஓம் வரும், அம்பின் பின்னாலும் 8 இல் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் அம்பை வாசிக்காதீர்கள். மிக்ஸருக்கு நேரே போகிற நாளிலும் ஸ்பீக்கர் கேபிள் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

சித்தப்பா பழைய சாமானாக வாங்குவதானால், கடையிலோ வீட்டிலோ அரை மணித்தியாலம் ஒன் செய்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பவர் ரியூபின் தகடு எங்காவது சிவந்து ஒளிர்கிறதா என்று விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சின்ன ரியூபையும் பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணி அடித்தமாதிரிச் சத்தம் வந்தால் அந்த ரியூப் மாற்ற வேண்டியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். அனுப்புமுன் எல்லா ரியூபையும் கழற்றி, எது எந்தச் சொக்கெற்றில் இருந்தது என்று எண் ஒட்டி, தனியாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ட்ரான்ஸ்போமர் பாரத்தில் சட்டம் வளையாதபடி பெட்டிக்குள் அம்பின் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி கட்டி, வெளியே அம்புக்குறியும் போட வேண்டும்.